விலை சொல்லும் முறை

கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் எழுதிய தெய்வத் திருவுருவங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக்கித் தேசமெங்கும் பரப்பின. அவ்விரு நகரங்களுக்கும் அண்மையிலுள்ள திருவேங்கடத்தில், பழைய வீடொன்றின் சுவரில் அத்தகைய சித்திரம் தொங்கக் கண்டு, சேகரிப்பில் அபிமானமுள்ள ஒருவர் அதை விலைக்குக் கேட்பாரேயானால், அது தூரிகை தொட்ட மூலமா, அச்சு யந்திரம் ஈன்ற பிரதியா என்பதை ஒளியாமல் உரைத்து, தாம் எதிர்பார்க்கும் கிரயத்தையும் தாமே முதலில் சொல்லிவிடுவதுதான் உடையவருக்கு அழகு. ‘நீங்களே பார்த்துக் கொடுங்கள்’ என்பது விநயம்போல் தோன்றினும், வந்தவருடைய மடியின் கனத்தை அறியும் தந்திரமே. வாங்குபவர் குறைத்துக் கேட்பது குற்றமன்று. ஆயினும், விலையைத் தாழ்த்தும் பொருட்டுச் சித்திரத்தையே பழிப்பது, அது பூஜையில் இருந்த படமாயின், அவ்வீட்டாரையே பழிப்பதாகும். ஒருவர் கேட்ட தொகையை இன்னொருவரிடம் காட்டி விலையை ஏற்றுவதும், சம்மதம் சொல்லியபின் அதிகம் தருபவரை நாடுவதும் (இதனை வியாபார சாமர்த்தியம் என்று மெச்சுவோரும் உண்டு) சந்தேகமின்றி நாணயக்கேடு. விற்க நினைப்போர், படத்தின் அடியில் ஓவியர் கையொப்பமும் அச்சகத்தின் பெயரும் உள்ளனவா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, பிறகு வாய் திறக்கட்டும்.