புள்ளிகளுக்கு நடுவே

திருப்பூரில் அவிநாசி சாலையை ஒட்டிய காம்பவுண்டு வீடுகளில் ஒன்றின் வாசற்படியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மடிமேல் பலகையை வைத்து, அதன்மீது வரைபடத் தாளை விரித்து, இயற்கணிதப் பாடத்தில் முதன்முதலாக ஒரு நேர்கோட்டை வரைந்துகொண்டிருந்ததை, அந்த வீட்டாருக்கு வேண்டியவன் என்ற உரிமையில் அருகே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு மிக எளியது. ஆசிரியர் ஊருக்கு ஏற்பத் தாமே சமைத்துக் கொடுத்தது. ஒரு பனியனுக்கு 3 ரூபாய் கூலி என்றால் 10 பனியனுக்கு எவ்வளவு, 20 பனியனுக்கு எவ்வளவு, 50 பனியனுக்கு எவ்வளவு என்று அட்டவணை போட்டு, எண்ணிக்கையைக் கிடையச்சிலும் கூலியைச் செங்குத்தச்சிலும் குறித்துப் புள்ளிகளை இணைக்கவேண்டும். சிறுமி அடிக்கோலை வைத்து இழுத்தாள். கோடு ஆதிப்புள்ளியிலிருந்து புறப்பட்டு, ஒரு புள்ளியையும் தவறவிடாமல், தாளின் வலது மேல்மூலைவரை தடையின்றி ஏறிச்சென்றது.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவளும், அன்று ஒருநாள் ஓய்வைத் துணி துவைப்பதில் கழித்தவளுமான தாய், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்கய்யா, கோடு இப்படி நிக்காமப் போவுமுங்களா? பீஸ் வராத அன்னைக்கு அது எங்கீங்க போகும்?”

“கணக்குல அப்படித்தாம்மா போகும்” என்றாள் மகள்.

தாய் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கோ அந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியவில்லை. ஏனெனில் அது கணிதத்தைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், நம்முடைய தர்க்க சாஸ்திரிகளும் சித்தாந்திகளும் நூற்றாண்டுக் கணக்காக விசாரித்து வந்த கேள்வியே ஆகும்: கண்டவற்றைக்கொண்டு காணாதவற்றைப் பற்றிப் பேச நமக்கு என்ன அதிகாரம்?

தாளில் மெய்யாகவே இருந்தவை சில புள்ளிகள் மாத்திரமே. பத்துக்கும் இருபதுக்கும் இடையில் பதினொன்றும் பன்னிரண்டும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பத்தரை பனியன் என்று ஒன்று உண்டா? கழுத்துப்பட்டி வைக்காத பனியனுக்கு எந்தக் கம்பெனியிலும் அரைக்கூலி கிடைக்காது. கண்டிப்பாகப் பார்த்தால், பனியனுக்கும் கூலிக்கும் உள்ள சம்பந்தம் வரிசையாக நிற்கும் தனித்தனிப் புள்ளிகளே அன்றிக் கோடு ஆகாது. கணித ஆசிரியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். மாணவரின் கண்ணுக்கு உறவின் வடிவம் புலப்படவேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு இணைத்துவிடச் சொல்கிறார்கள். அதில் குற்றமும் இல்லை. ஆனால் இணைத்த மறுகணமே கண்டது எது, கருதியது எது என்ற பேதம் தாளிலிருந்து மறைந்துபோகிறது. இரண்டும் ஒரே பென்சிலால் எழுதப்பட்டவை அல்லவா?

மெய்கண்டாரின் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார், பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியாரில், கடவுளைப் பற்றியோ உயிரைப் பற்றியோ பேசத் தொடங்குமுன் அளவையைப் பற்றிப் பேசுகிறார். எதைக்கொண்டு அளக்கிறோம் என்று சொல்லாமல் அளந்ததைச் சொல்லுதல் முறையாகாது என்பது அவர் கருத்துப் போலும். வரைபடத் தாளின் மேல்மூலையில் அளவுத்திட்டம் எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கும் நம் ஆசிரியர்களும், தாம் அறியாமலே, அந்த மரபைக் காப்பவர்கள்தாம். பிறர் பத்து வரைக்கும் எண்ணிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அவர் அடக்கிக் காட்டுகிறார். காண்டல் என்பது பிரத்தியட்சம்; கருதல் என்பது அனுமானம்; உரை என்பது நம்பத் தகுந்தவரின் வாக்கு. சிறுமியின் தாளுக்கு இவற்றைப் பொருத்திப் பார்த்தால், புள்ளி காண்டல், கோடு கருதல் என்பது சொல்லாமலே விளங்கும். மூன்றாவதாகிய உரைக்கு அந்தத் தாளில் இடம் எங்கே என்பதுதான் என்னை வெகுநேரம் வருத்திய விஷயம்.

அனுமானம் செல்லுபடியாவதற்கு வியாப்தி வேண்டும் என்பார்கள். புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பதுபோல, ஒன்றை விட்டு ஒன்று பிரியாத சம்பந்தம் இருந்தாலொழியக் கருதல் வெறும் கற்பனையாகிவிடும். நம் நாட்டார் இத்தகைய சம்பந்தங்களைப் படமாக எழுதாமல் வாய்பாடாகவே போற்றி வந்தார்கள். 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபடீயத்திலேயே இருக்கும் திரைராசிகம், இத்தனைக்கு இத்தனையானால் அத்தனைக்கு எத்தனை என்ற அந்த மூன்றெண் கணக்கு, உண்மையில் ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடே. ஐரோப்பாவில் 1637-இல் தெக்கார்த்தே தமது வடிவகணித நூலை வெளியிட்டு அட்சரத்தையும் உருவத்தையும் இணைத்தார். 1786-இல் வில்லியம் பிளேஃபேர், நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் முன்பு வரைவாளராக இருந்தவர், இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளை வளைகோடுகளாக எழுதிக் காட்டினார். அன்றுமுதல் வாணிபம் கோட்டிலேயே நடக்கிறது. திருப்பூரின் ஏற்றுமதிக் கணக்கும் அவ்விதமே நமக்குக் காட்டப்படுகிறது.

இந்த ஊரின் கூலியை உள்ளபடி எழுதப் புகுந்தால், பாடப்புத்தகத்தின் நேர்கோடு நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கு ஓரளவு அது பொருந்தும். ஷிப்ட் கூலிக்கு வேலை செய்யும் கைமடி, செக்கிங் ஆட்களுக்கோ கோடு ஏறாது, படி ஏறும்: ஒரு ஷிப்ட், பிறகு ஒன்றரை ஷிப்ட், இரண்டுக்கும் நடுவே உடம்பு மாத்திரம் சிறிது சிறிதாகக் களைத்துக்கொண்டே போகும், கூலி அசையாமல் நிற்கும். இதனினும் விசித்திரமான வடிவம் ஒன்று உண்டு. இந்த மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயரிட்டு, மணமாகாத இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, ஏறக்குறைய மூன்றாண்டு வேலை முடிந்தபின் ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். அதன் வரைபடத்தை யாராவது மாணவருக்குக் கொடுக்கிறார்களா என்று தெரியவில்லை. கோடு தரையோடு தரையாக மூன்றாண்டு ஓடி, கடைசி நாளில் திடீரென்று செங்குத்தாக எழும்பும். நோயினாலோ வேறு காரணத்தாலோ அந்நாளுக்கு முன்பே வெளியேறிய பெண்களில் பலருக்கு அந்த எழுச்சி வாய்க்கவே இல்லை. இரண்டாண்டுப் பத்து மாத உழைப்பும் சூனியத்துக்குச் சமம் என்று ஒரு வரைபடம் சொல்லுமானால், பிழை கணிதத்தினுடையதா, அந்த ஒப்பந்தத்தை எழுதியவருடையதா?

ஆதிப்புள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எக்ஸும் ஒய்யும் சந்திக்கும் இடத்துக்கு ஆதி என்று பெயர் வைத்திருக்கிறோம். சைவ சித்தாந்தமோ பதி, பசு, பாசம் மூன்றையும் அநாதி என்கிறது. உயிர் எதுவும் வெறுந்தாளில் பிறப்பதில்லை, சஞ்சிதமாகிய முன்வினை மூட்டையோடுதான் வருகிறது என்பது அதன் துணிபு. முன்வினையில் நம்பிக்கை இல்லாதவருங்கூட, மதுரைப் பக்கத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ முன்பணம் வாங்கிக்கொண்டு இவ்வூர் வந்து சேரும் தொழிலாளியின் கோடு, பூஜ்யத்துக்குக் கீழே, கடனிலிருந்து புறப்படுகிறது என்பதைக் கண்ணால் காணலாம். செங்குத்தச்சைக் கோடு எங்கே வெட்டுகிறது என்பது ஒன்று, எவ்வளவு சாய்வில் ஏறுகிறது என்பது வேறொன்று என்று இயற்கணிதம் முதல் பாடத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறது. வள்ளுவர் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் ஊழையும், அறுபத்திரண்டாம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும் வைத்தார். இரண்டையும் ஒரே மனிதர் எழுதியிருப்பது முரண் என்று வியப்பவர்கள், ஒரு நேர்கோட்டுக்கு இவ்விரண்டும் தேவைப்படுவதை எண்ணிப் பார்க்கலாம். உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

அச்சுக்களைத் தெரிந்தெடுப்பதும் ஓர் அளவைதான். ஆண்டையும் ஏற்றுமதியையும் இரண்டு அச்சுக்களாக வைத்துக்கொண்டால், நொய்யல் ஆற்றுக்குத் தாளில் இடமில்லை. அந்த ஆற்றின் குறுக்கே 1992-இல் பாசனத்துக்கென்று கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறி, அதன் நீரைத் திறக்கவேண்டாம் என்று உழவர்களே மன்றாடும் நிலை வந்ததும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதும், ஏறிக்கொண்டிருந்த அந்தக் கோட்டில் எந்தப் புள்ளியிலும் முன்கூட்டித் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஆற்றங்கரையில் கிணறு வைத்திருந்தவர்கள். அவர்கள் சொல்லிக்கொண்டேயும் இருந்தார்கள்.

இங்கேதான் உரை என்ற மூன்றாம் அளவைக்கு வேலை வருகிறது என்பது என் அபிப்பிராயம். சித்தாந்திகள் உரை என்றால் முதன்மையாக ஆகமத்தையே கொள்வார்கள்; செக்கிங் செய்யும் ஒரு பெண்ணின் வார்த்தையை அந்த வரிசையில் வைக்கலாமா என்று கேட்பவர்களின் சினம் எனக்குப் புரிகிறது. ஆயினும் நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்து அறிந்தபடி சொல்ல விரும்புகிறவனே ஆப்தன் என்றும், அந்த லட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் சொல்லியிருக்கிறார். பீஸ் வராத நாளில் மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பதைப் பொறுத்தவரை, உட்கார்ந்தவளே ஆப்தை. அவளைக் கேளாமல் இரண்டு சனிக்கிழமைச் சம்பளங்களுக்கு நடுவே அடிக்கோலை வைப்பவர், எத்தனை பட்டம் பெற்றவராயினும், வியாப்தி இல்லாத அனுமானமே செய்கிறார்.

அவிநாசி சாலை போய்ச்சேரும் ஊரின் கதையும் இதையே சொல்லுகிறது. பெரியபுராணத்தின் வெள்ளானைச் சருக்கத்தில், சுந்தரர் திருப்புக்கொளியூராகிய அவிநாசியின் வீதி வழியே வருகிறார்; ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. ஐந்து வயதில் மடுவில் குளிக்கப்போன இரண்டு பிள்ளைகளில் ஒருவனை முதலை விழுங்க, மற்றவன் பிழைத்தான். பிழைத்தவனுக்கு அன்று பூணூல் கல்யாணம். பார்வைக்குக் கிடைத்தவை இரண்டு ஓசைகள் மாத்திரமே. தவச்செல்வராகிய அவர் தம் ஞானத்தால் ஊகித்துக்கொண்டு போய்விடவில்லை. என்ன நேர்ந்தது என்று கேட்டறிகிறார். பிறகு மடுக்கரையில் நின்று பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்கிறது. சேக்கிழார் இதில் வைத்த நுட்பம் ஒன்றைப் பலகாலம் கவனியாமலே படித்திருக்கிறேன்: திரும்பி வந்தவன் ஐந்து வயதுக் குழந்தையாக வரவில்லை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியும் கூடியவனாக வந்தான். யாரும் காணாத, எவரும் குறித்து வைக்காத அந்த ஆண்டுகள் அவன் கணக்கில் விட்டுப்போகவில்லை. அற்புதம் என்று ஏற்பவர் அற்புதமாக ஏற்கட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். பறிபோன காலத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பதே திருப்பிக் கொடுத்தல் என்ற நீதி இரு சாராருக்கும் விளங்கும். மூன்றாண்டுத் திட்டத்திலிருந்து பாதியில் வீடு திரும்பிய பெண்களில் பலருக்கு அந்த நீதி கிடைக்கவில்லை.

இவ்வூர்ப் பள்ளிகளில் வரைபடம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பனியன், கூலி, ஷிப்ட் என்று பிள்ளைகளின் வீட்டுப் பொருளையே கணக்காக்கிக் கொடுக்கும்போது, புள்ளிகளை இட்டபின், கோட்டை இழுப்பதற்கு முன், ஒருநாள் அவகாசம் கொடுங்கள். வீட்டில் தைப்பவரையும் மடிப்பவரையும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அந்த ஒருநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். மற்ற நாட்களில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து அவர்கள் வீடு வந்து சேரும்போது பல வீடுகளில் பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள்.