25-ஆவது மணி நேரத்தில் யார் இருப்பார்கள்?

எங்கள் டீமின் டிக்கெட் பட்டியலில் ரொம்ப நாளாக ஒரு டிக்கெட் கிடந்தது. தலைப்பு: 'ஒரு நாளுக்கு 30 மணி நேரம் வேண்டும்.' வகை: பக். முன்னுரிமை: அதி அவசரம். ஒரு ரிலீஸுக்கு முந்தைய ராத்திரி யாரோ கடுப்பில் போட்டது. விடிவதற்குள் கீழே கமெண்ட்கள் குவிந்துவிட்டன. "என் மெஷின்ல 24தான் காட்டுது, கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க" என்றாள் டெஸ்டிங் தோழி. பஞ்சாங்கம் பார்க்கிற சீனியர் ஒருவர், "நாழிகைக்கு மாறிடுங்க, ஒரு நாளைக்கு 60 கிடைக்கும்" என்றார். ஒரு நாழிகை 24 நிமிஷம்தான் என்பதை வசதியாக மறைத்துவிட்டார். மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி: "எஸ்டிமேட் எவ்வளவு?" அவர் ஜோக்காகத்தான் கேட்டாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கடைசியில் ஆர்க்கிடெக்ட் டிக்கெட்டை மூடினார்: "சரிசெய்ய முடியாது. பிரச்சினை நம்ம கோட்ல இல்ல. பூமிங்கிற தேர்ட் பார்ட்டி லைப்ரரில இருக்கு."

சிரித்தோம். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பூமிக்கு ஒரு நியாயம் செய்துவிடலாம். அது இந்த டிக்கெட்டின் மேல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. நிலா கடலை இழுக்கிற இழுப்பில் பூமியின் சுழற்சி மெல்ல மெல்லக் குறைகிறது. ஒரு நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லி செகண்ட் வீதம் நாள் நீள்கிறது. இதே வேகத்தில் போனால் 25 மணி நேர நாள் கிடைக்க சுமார் 20 கோடி வருஷம் ஆகும். எங்கள் சில எஸ்டிமேட்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் மோசமில்லை.

சரி, கூடுதல் நேரம் நிஜமாகவே கிடைத்தபோது என்ன நடந்தது? கிடைத்திருக்கிறது. அணுக் கடிகாரத்தையும் பூமியின் சுழற்சியையும் ஒத்துப்போக வைக்க 1972-இலிருந்து அவ்வப்போது ஒரு லீப் செகண்ட் சேர்க்கிறார்கள். 2012 ஜூன் 30 முடிகிற நேரத்தில், நம் கணக்கில் ஜூலை 1 விடிகாலை ஐந்தரைக்கு, அப்படி ஒரு செகண்ட் உலகத்துக்கே இலவசமாகக் கிடைத்தது. லினக்ஸில் ஒளிந்திருந்த ஒரு பக் அந்த நொடியில் விழித்துக்கொண்டது. சர்வர்கள் செய்வதறியாமல் ஒரே இடத்தில் சுற்றின. ரெட்டிட் தடுமாறியது. ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் ஊழியர்கள் பயணிகளைக் கையால் எழுதி செக்-இன் செய்தார்கள். ஒரே ஒரு செகண்ட்! நாங்கள் ஆறு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் 25 மணி நேர நாள் வருஷாவருஷம் வருகிறது. நவம்பர் முதல் ஞாயிறு, விடிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்பி வைப்பார்கள். ஒரே ஒரு மணி நேரம் இரண்டு தடவை நடக்கும். சாதாரண மனிதர்களுக்கு அது கூடுதல் தூக்கம். நமக்கு அது ஒன்றரை மணிக்கு ஓட வேண்டிய ஜாப் இரண்டு தடவை ஓடி, ஒருவருக்கு இரண்டு பில் போய்விடுமோ என்கிற பயம்.

நம்மூரில் கடிகாரம் மாறுவதில்லை, மீட்டிங்தான் மாறும். நியூயார்க்கில் காலை பத்து என்றால் கோடையில் நமக்கு மாலை ஏழரை. நவம்பரிலிருந்து எட்டரை. ஆக, ஒவ்வொரு நவம்பரிலும் சோழிங்கநல்லூரில் எங்களுக்கு மீட்டிங்குக்கு முன் சுளையாக ஒரு மணி நேரம் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்தோம் தெரியுமா? அந்த மீட்டிங்குக்குத் தயாராவதற்கு ஒரு மீட்டிங் போட்டோம். மேனேஜர் கட்டாயப்படுத்தவில்லை. எங்களுக்கே இயல்பாகத் தோன்றியது.

இருக்கிற நேரம் முழுவதையும் வேலை அடைத்துக்கொள்ளும் என்று பார்க்கின்சன் 1955-இல் 'தி எகனாமிஸ்ட்' இதழில் கிண்டலாக எழுதியது எங்கள் துறைக்கு வேதவாக்கு ஆகிவிட்டது. ஐபிஎம்மின் சிஸ்டம் 360-க்கான இயங்குதளத்தை உருவாக்கி நொந்துபோன ஃப்ரெட் பிரூக்ஸ், தாமதமான புராஜெக்டில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் புத்தகமே போட்டார். ஆளைச் சேர்த்தாலும் தீராது, மணியைச் சேர்த்தாலும் தீராது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் கேட்கிறோம்?

யோசித்துப் பார்த்தால் இந்த ஆசைக்குள் இரண்டு வேறு ஆசைகள் இருக்கின்றன. ஒன்று, எல்லோருக்கும் 30 மணி நேரம். அப்படியானால் கிளையண்டுக்கும் 30, போட்டிக் கம்பெனிக்கும் 30. அடுத்த ஸ்பிரிண்ட் அதற்கேற்ப வீங்கும். வரிசையில் நிற்கிற எல்லோரும் ஓர் அடி முன்னே நகர்ந்தால் வரிசை நகர்ந்ததாக ஆகாது. இரண்டாவது, எனக்கு மட்டும் ரகசியமாக ஆறு மணி நேரம். உலகம் உறைந்து நிற்க, நான் மட்டும் நடமாடுகிற நேரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் என்னோடு யார் இருப்பார்கள்?

இந்த இடத்தில் என் கதையைச் சொல்ல வேண்டும்.

அப்பா கோவில்பட்டியில் இருக்கிறார். ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார், நாலரைக்கு எழுந்துவிடுவார். என் மீட்டிங் முடியும்போது அவர் பாதித் தூக்கத்தில் இருப்பார். அவர் எழும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். போன வருஷம் கண்புரை ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. "சின்ன ஆபரேஷன்தான்யா. நீ ஒருநாள் வந்துட்டுப் போனா நல்லாருக்கும்" என்றார். அந்த வாரம் ரிலீஸ். "நேரமே இல்லப்பா" என்றேன். "சரிய்யா, வேலையப் பாரு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி கூட வாரேன்னுட்டாரு" என்று போனை வைத்துவிட்டார். கோபமில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலம் கிளையண்ட் தரப்பில் ஏதோ அனுமதி கிடைக்கவில்லை என்று ரிலீஸை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள்.

ரிலீஸ் தள்ளிப்போனதால் நான் செய்தது தவறாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. திட்டமிட்டபடி ரிலீஸ் நடந்திருந்தாலும் கேள்வி அதேதான்: நான் அப்பாவிடம் சொன்னது உண்மையா?

என் கணக்கில் பதினாலு நாள் லீவ் மிச்சமிருந்தது. கேட்டிருந்தால் மேனேஜர் முகம் சுளித்திருப்பார், ஆனால் கொடுத்திருப்பார். ஆக, நேரம் இருந்தது. நான் அதை வேறு ஒன்றுக்குக் கொடுத்தேன். "வரலப்பா, எனக்கு ரிலீஸ்தான் இப்ப முக்கியமாப் படுது" என்று சொல்லியிருந்தால் அது உண்மை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "நேரமில்லை" என்று சொன்னதும் குற்றம் என் கையை விட்டு, கிளையண்டையும் தாண்டி, நேராகச் சூரியன் மேல் போய்விடுகிறது. நாள் சின்னது, நான் என்ன செய்ய?

எங்கள் டிக்கெட் ஜோக்கும் இதே வேலையைத்தான் செய்தது. அந்த ராத்திரி எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஆறு மணி நேரம் இல்லை. மூன்று வார வேலையை இரண்டு வாரத்தில் முடிப்பதாக ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவரிடம் போய், "இது முடியாது" என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளாக இருக்க யாருக்கும் மனசில்லை. அதனால் புகாரைப் பூமிக்கு அனுப்பினோம். பூமி அப்ரைசல் எழுதாது.

வாழ்க்கை குறுகியது இல்லை, நாம்தான் வீணடிக்கிறோம் என்று ரோமானியத் தத்துவஞானி செனெகா சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் வாதிட்டார். பாதிதான் ஒப்புக்கொள்ள முடிகிறது. அவர் பெரும் பணக்காரர். அவருடைய நேரத்தில் நிறைய வேலைகளை அடிமைகள் செய்தார்கள். வீட்டுக் கடன் தலைக்கு மேல் நிற்க, பெஞ்சுக்குப் போய்விடுவோமோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற 26 வயதுப் பையனிடம் "நீ நேரத்தை வீணடிக்கிறாய்" என்பது அநியாயம். அவன் நேரத்தை அவன் வீணடிக்கவில்லை, விற்றுவிட்டான். ஆனால் எனக்கு அந்தச் சாக்கும் முழுசாக இல்லை. பிஸியாக இருப்பது எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். நான் இல்லாவிட்டால் ரிலீஸ் நின்றுவிடும் என்று நம்புவதில் ஒரு சுகம் இருக்கிறது. நான் இல்லாவிட்டால் அப்பாவுக்கு ஒரு அண்ணாச்சி கிடைத்துவிடுகிறார் என்பது அவ்வளவு சுகமாக இல்லை.

நிஜமாகவே நீண்ட நாளில் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். செவ்வாயில் ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிஷம் 35 செகண்ட். 2004-இல் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ரோவர்கள் அங்கே இறங்கியபோது, கலிஃபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் அவற்றை இயக்கிய எஞ்சினியர்கள் மாதக்கணக்கில் செவ்வாய் நேரத்தில் வேலை செய்தார்கள். நாள்தோறும் 40 நிமிஷம் லாபம். அதற்கென்றே மெதுவாக ஓடும் கைக்கடிகாரங்கள்கூட ஒரு உள்ளூர்க் கடிகாரக்காரர் செய்துகொடுத்தார். ஆனால் ஆபீஸ் நேரம் தினமும் தள்ளிப்போய், இன்று மதியம் தொடங்கிய வேலை இரண்டரை வாரத்தில் நடுராத்திரியில் தொடங்கும். ஆட்கள் களைத்துப்போனார்கள். நேரம் கூடியது, ஊரோடு சேர்ந்திருக்கிற நேரம் குறைந்தது.

2012-இல் கியூரியாசிட்டி இறங்கியபோது, அதன் ஃப்ளைட் டைரக்டர்களில் ஒருவரின் மனைவியும் மூன்று குழந்தைகளும் ஏறத்தாழ ஒரு மாதம் அவரோடு சேர்ந்து செவ்வாய் நேரத்துக்கு மாறினார்கள். அவர் விழித்திருக்கும்போது விழித்து, தூங்கும்போது தூங்கினார்கள். எனக்கு இந்தத் துறையில் தெரிந்த கதைகளிலேயே பிடித்தது இதுதான். கூடுதல் நேரம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரே நேரத்தில் விழித்திருக்க விரும்பினார்கள். ஆனால் அவருக்காக நாலு பேர் மாற வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. யாரோ ஒருவர் தன் கடிகாரத்தைத் தள்ளிவைக்காமல் இது நடப்பதில்லை.

எங்கள் வீட்டில் அதைச் செய்தது அப்பாதான். போன மாதம் எட்டரை மீட்டிங் முடிந்து பத்து மணிக்குப் போனைப் பார்த்தால், அவரிடமிருந்து ஒரு மிஸ்டு கால். பதறிப்போய்க் கூப்பிட்டேன். "ஒண்ணுமில்லய்யா. நீ இந்நேரம்தான் ஃப்ரீ ஆவேன்னு சொன்னேல்லா, அதான் முழிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். குரலில் தூக்கம் வழிந்தது.

அடுத்த நாள் மேனேஜரிடம் போய், வாரத்தில் இரண்டு நாள் இந்த மீட்டிங்கில் நான் இருக்க முடியாது என்று சொன்னேன். "ஏன், டைம் இல்லையா?" என்றார்.

"டைம் இருக்கு சார். அது எங்கப்பாவுக்கு."

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். டிக்கெட் இன்னும் திறந்தேதான் இருக்கிறது.