தாதியைத் தெரிவுசெய்யும் தராசு

ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும் வன்னியின் வீடுகளில் ஒரு கணக்குப் பார்ப்பு ஆரம்பமாகிறது. இசட் புள்ளி எவ்வளவு, வெட்டுப்புள்ளி எங்கே நிற்கும், மருத்துவம் கிட்டாவிடில் தாதியியல் பட்டமாவது கிட்டுமா, அதுவும் இல்லையெனில் தாதியர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா என்ற கேள்விகள் எழுகின்றன. இக்கேள்விகள் அனைத்துக்கும் அடியில் கிடப்பது 'தகுதி' என்ற ஒரு சொல். யாருக்குத் தகுதி உண்டு என்று நாம் ஓயாது கேட்கிறோம். எதற்கான தகுதி, எவருடைய நன்மைக்கான தகுதி என்று கேட்பது அரிது.

தாதியர் கல்வியில் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இடமில்லை. தெரிவு செய்வோர், தெரிவு செய்யப்படுவோர் என்ற இரு தரப்பாரை மட்டுமே விண்ணப்பப் படிவம் அறியும். ஆனால், அப்படிவத்தில் பெயர் காணாத மூன்றாம் ஆள் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் நோயாளி. அவரை நடுவில் நிறுத்திப் பார்த்தாலன்றித் தகுதி என்ற சொல்லின் பொருள் விளங்காது.

பரீட்சைப் புள்ளியை முதலில் எடுத்துக்கொள்வோம். புள்ளி பொய்யன்று. மருந்தின் அளவைக் கணக்கிடத் தெரியாத கை, எத்துணை அன்பான கையாயினும் ஆபத்தான கையே. ஆயினும், ஒரு மாணவி எங்கே வந்து சேர்ந்தாள் என்பதைச் சொல்லும் புள்ளி, எங்கிருந்து புறப்பட்டாள் என்பதைச் சொல்வதில்லை. உயிரியல், இரசாயனம், பௌதிகம் மூன்றையும் உயர்தரத்தில் கற்பிக்கும் பாடசாலை அவள் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு? அங்கே இரசாயனத்துக்கு ஆசிரியர் ஆண்டு முழுவதும் இருந்தாரா? முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. 2009இல் முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் இவ்விரு மாவட்டத்து மக்களும் ஏறத்தாழ முழுமையாகவே வேரோடு பெயர்க்கப்பட்டனர். செட்டிகுளத்து முகாம்களில் நடை பழகிய குழந்தைகளே இன்று உயர்தரப் பரீட்சை எழுதும் வயதினர். கொழும்பின் பெரிய கல்லூரி மாணவியின் புள்ளியையும் இவர்களுடைய புள்ளியையும் அருகருகே வைத்துவிட்டு, இதுவே நீதி என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடிப்பதாகும்.

பல்கலைக்கழக அனுமதி விதியும் இதனை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. விஞ்ஞானத் துறைகளில் இடங்களின் 40 வீதம் நாடளாவிய திறமை வரிசைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் பின்தங்கியவற்றின் பட்டியலில் உள்ளன.

இவ்விடத்தில் நாம் நம்மிடமே நேர்மையாக இருத்தல் வேண்டும். 1970ஆம் ஆண்டில் மருத்துவ பீட அனுமதிக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 229 புள்ளியும் தமிழ்மொழி மாணவருக்கு 250 புள்ளியும் என வரம்பிட்டது அப்பட்டமான அநீதி. மொழியைக் கொண்டு மாணவரைப் பிரித்த அச்செயலுக்கு நியாயம் கிடையாது. ஆனால், 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டையும் அதனோடு சேர்த்து ஒரே மூச்சில் சபிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தின் குரல். அதே ஒதுக்கீடு வவுனியாவின் குடியேற்றக் கிராமத்துப் பிள்ளைக்கும் மன்னார்க் கரையின் பிள்ளைக்கும் முதன்முறையாகக் கதவைத் திறந்தது. இனத்தின் பேரால் இழைக்கப்பட்ட அநீதியை எதிர்ப்பவன், தன் இனத்துக்குள்ளேயே நிலவும் ஏற்றத்தாழ்வுக்குக் கண்ணை மூடுவானாயின், அவன் கேட்பது நீதியன்று, சலுகையே.

இனி, மறுபக்கத்து வாதத்தைக் காண்போம். நல்லெண்ணம் படைத்த நண்பர் சிலர் இவ்வாறு கூறுவர்: "போரின் நடுவே காயம்பட்டோரைத் தூக்கிச் சுமந்தவர்கள் இம்மக்கள். 2009இல் வைத்தியசாலைகள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, புதுமாத்தளனில் பாடசாலைக் கட்டடத்திலும் பின்னர் முள்ளிவாய்க்காலிலும் இயங்கியபோது, சான்றிதழ் எதுவும் இல்லாத இளைஞரும் யுவதியரும் மருந்து கட்டினர், இரத்தம் துடைத்தனர். இவர்களுக்குப் பரீட்சை எதற்கு?" கேட்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. எனினும், நோயாளியை நடுவில் நிறுத்தியே விடை காணவேண்டும். துன்பம் அனுபவித்தமை ஒருவருக்கு மரியாதையை ஈட்டித் தரும். அது மட்டும் அறிவை ஈட்டித் தராது. தியாகமே தாதித் தொழிலின் சாரம் என்ற பழைய நம்பிக்கையை உடைத்து, இது கற்றுத் தேறவேண்டிய தொழில் என்று நிறுவவே புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் பயிற்சிப் பாடசாலையைத் தொடங்கினார். ஏழை மக்களின் வைத்தியசாலைக்கு அரைகுறைப் பயிற்சியே போதும் என்பது, இரக்கத்தின் உடையணிந்து வரும் அவமதிப்பு.

அப்படியாயின், அந்த அனுபவம் வீணா? இங்கேதான் துரிதக் கற்கைநெறி என்ற உலக அனுபவம் நமக்குப் பாடம் தருகிறது. வேறொரு துறையில் பட்டம் பெற்றவரை ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தாதியியற் பட்டதாரியாக்கும் முறையை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971இல் தொடங்கியது. இன்று மேலைநாடுகளில் இம்முறை பரவியுள்ளது. புலம்பெயர்ந்த நம்மவரின் பிள்ளைகளும் கடும் போட்டியிடையே விண்ணப்பிக்கின்றனர். இதன் அடிப்படைத் தத்துவம் சரியானது: முன்பே கற்றதை மறுபடி கற்கச் சொல்லாதே, கல்லாததை மட்டும் கற்பி.

ஆனால், வேகத்துக்கும் ஒரு விலையுண்டு. இத்தகைய வகுப்பில் இருப்பவர் கூடவே வேலைக்குப் போய்ப் பிழைப்பது மிகவும் கடினம். சேமிப்போ தாய் தந்தையரின் கைப்பொருளோ உள்ளவருக்கே ஓராண்டில் முடியும் வழி திறக்கிறது. விண்ணப்பத்தில் கேட்கப்படும் ஊதியமற்ற தொண்டு மணித்தியாலங்களும் அத்தகையதே. மாலையில் கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்குத் தொண்டு செய்ய ஓய்வு ஏது? தன் வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பாட்டியை ஐந்தாண்டு பராமரித்தவளுக்கு அதற்கான அத்தாட்சிப் பத்திரம் எழுதுவார் யார்?

வேறு வழியும் வரலாற்றில் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், அமெரிக்க அரசு தாதியர் பயிற்சியை 36 மாதத்திலிருந்து 30 மாதமாகச் சுருக்கியது. அத்துடன் கல்விக் கட்டணத்தையும் சீருடையையும் மாதாந்த உதவிப்பணத்தையும் தானே ஏற்றது. இனப் பாகுபாட்டையும் சட்டத்தால் தடுத்தது. ஏறத்தாழ 1,24,000 பெண்கள் பயிற்சி முடித்து வெளிவந்தனர். முதலாளித்துவ நாடேயாயினும், தேவை நெருக்கியபோது வேகத்தின் விலையைச் சமுதாயம் செலுத்தலாம் என்பதை அது மெய்ப்பித்தது. 1945இல் இலவசக் கல்வியை ஏற்ற நாட்டுக்கு இது அந்நியமான சிந்தனையா?

வவுனியாவில் தாதியர் கல்லூரி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டநெறி உண்டு. பணியிலுள்ள தாதியர் பட்டம் பெறத் திறந்த பல்கலைக்கழகம் 1994 முதல் வழி செய்துள்ளது. இல்லாதது, இவற்றுக்கும் கிராமத்துக்கும் இடையே ஒரு பாலம். வைத்தியசாலைகளில் ஆண்டுக்கணக்கில் தொண்டராய் உழைத்தவரின் அறிவை முறையாகப் பரிசோதித்து, தேறிய பகுதிக்குக் காலக் குறைப்பும், தேறாத பகுதிக்கு ஊதியத்துடன் கூடிய பயிற்சியும் அளிக்கலாம். அப்பரிசோதனை தமிழில் நடத்தல் வேண்டும். பட்டப் படிப்புக்கு வேண்டிய ஆங்கிலத்தைச் சேர்ந்த பின் கற்பிக்கலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்துக் காட்டினார். ஆங்கிலம் அறியாமையை அறிவின்மையாக எண்ணுவதற்கு நமக்குச் சாக்கு இல்லை. தமிழ் மட்டும் பேசும் முதியவள் தன் வலி எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது என்று சொல்லும்போது அதனை விளங்கிக்கொள்ளும் செவியும் தாதிக்குரிய தகுதிதான். எந்த வெட்டுப்புள்ளியும் அதனை அளப்பதில்லை.

பயிற்சி பெற்றவர் கடல் கடந்து போய்விடுகிறாரே என்ற குறையும் கேட்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தாதியர் பலர் சென்றது உண்மை. கடன்பட்ட குடும்பத்தின் மூத்த மகள் அவள்; போகிறவளைத் துரோகி என்பது எளிது. தங்கியிருப்பவளுக்கு விடுதியும் போக்குவரத்தும் மேற்படிப்புக்கு விடுமுறையும் வழங்குவது கடினம். எளியதைச் செய்து கடியதைத் தவிர்க்கும் சமுதாயத்துக்குப் பிறரின் கடமையைப் பற்றிப் போதிக்க உரிமை குறைவு.

ஆசிரியத் தோழர்களுக்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. படிவம் நிரப்ப வரும் மாணவியிடம் புள்ளியை மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். அவள் யாரைப் பராமரித்தாள், எதைக் கற்றாள், எதைக் கற்க வாய்ப்பற்றுப் போனாள் என்று கேளுங்கள். மூன்றையும் எழுதி வையுங்கள். ஒரு மாவட்டத்து மாணவியர் அனைவரின் விடைகளையும் தொகுத்தால், அது விண்ணப்பமாக இராது, கோரிக்கையாக எழும். தாதியர் கல்வியில் ஓர் இடம் வென்றவருக்குச் சூட்டும் மாலையன்று. முல்லைத்தீவின் ஏதோவொரு விடுதிக் கட்டிலில் நாளை படுக்கப்போகும் நோயாளிக்கு இச்சமுதாயம் முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி அது.