பாடங் கேட்கும் அவையில் ஒழுகும் முறை

சாத்திரம் ஓதுமிடத்து ஒருவரை ஒருவர் எள்ளி நகைப்பாராயின், அங்கு ஓதப்படுவது சாத்திரமேயாயினும் வளர்வது ஆணவமே என்க. நம் சந்தான குரவர் வரலாறே இதற்குச் சான்றாம்.

திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டதேவர் இளம்பருவத்திலேயே மாணாக்கர்க்கு ஞானப்பொருள் உரைத்தருளினார். ஆகமங்களில் வல்ல முதியவராகிய அருணந்தி சிவாசாரியர், தம் மாணாக்கர் அங்குச் செல்லுதல் பொறாது தாமும் அவ்வவைக்கு எழுந்தருளி, ஆணவமலத்தின் சொரூபம் யாதென வினாவினார். மெய்கண்டார் இகழ்ந்திலர், வாது தொடுத்திலர், அவரையே நோக்கிக் குறிப்பால் விடையருளினர். தாம் நின்ற நிலையே விடையென உணர்ந்த அருணந்தியார் இளையவர் திருவடியில் வீழ்ந்து மாணாக்கராயினர். அன்று அவையோர் கைகொட்டி நகைத்து அவரை வெளியேற்றியிருப்பின், சிவஞானசித்தியார் நமக்குக் கிடைத்திருக்குமோ?

இனி, நம் ஊர்களை நோக்குவோம். நூலாலையும் தொழிற்பேட்டையும் உடைய கப்பலூர் போன்றதோர் ஊரிலே, பகலெல்லாம் உழைத்த ஒருவர் மாலையிற் பாடங் கேட்க வருகின்றார் எனக் கொள்க. பதி, பசு, பாசம் என முப்பொருள் உரைக்குங்கால், பசு என்றது மாட்டையோ என அவர் வினாவுதல் கூடும். கற்றார் சிலர் நகைத்துவிடின் அவர் மறுநாள் வாரார். அவர் மக்களும் வாரார். ஒரு நகைப்பு ஒரு குடும்பத்திற்கே ஞானவாயிலை அடைத்துவிடும். அவ்வினாவோ பேதைமையுடையதன்று. கட்டுண்டது என்னும் பொருள்பற்றியே உயிர் பசு எனப்பட்டது. மாடு கயிற்றாற் கட்டுண்டாற்போல உயிர் பாசத்தாற் கட்டுண்டது என ஆசிரியர் விளக்குதற்கு அவ்வினாவே வழியாம்.

நன்னூலார் முதன்மாணாக்கர்க்கு அன்னத்தையும் பசுவையும், கடைமாணாக்கர்க்கு எருமை முதலியவற்றையும் உவமை கூறினர். எருமை தான் பருகும் குளத்தைத் தானே கலக்கும். இடைமறித்துத் தம் புலமை காட்டுவார் செயலும் அத்தகையதே.

ஆதலின் யாம் வேண்டிக்கொள்வன இவை: பின்வந்தார்க்கு முன்வந்தார் இடமளிக்க. ஐயம் வினாவுவார் சொல்லி முடிக்குமளவும் பொறுக்க. பிழைபட ஓதுவாரைப் பலர்முன் நாணச் செய்யாது, தனித்திருக்கும்போது அன்பொடு திருத்துக. தாம் அறியாததை அறியோம் எனக் கூறுதற்குக் கற்றார் கூசாதொழிக.

அவையிலிருப்போர் அனைவரும் கட்டுண்ட உயிர்களே. அவருள் ஒருவர் மற்றவரை நகைத்தற்கு யாதுளது? கட்டவிழ்ப்பது திருவருள், அதற்கு இடையூறாகாதிருத்தல் நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.