சூறாவளியும் வினைப்பயனும்

பனி, வெயில், மழை, காற்று முதலியவற்றான் உயிர்கட்கு வருந் துன்பத்தை ஆதிபௌதிகம் என்பர் சித்தாந்த நூலார். அதுவும் பிராரத்த வினைப்பயனே என்பது நம் துணிபு. அங்ஙனமாயின், சூறாவளியில் மாய்ந்தார் மாய்தற்குரிய வினையுடையார்; அவரைக் காக்க முயல்வது வினையை மறுப்பதாம் என்பாரும் உளர். அது பொருந்துமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

ஒடிசா மாநிலக் கடற்கரையில் நேர்ந்த இரண்டு புயல்களை நோக்குவாம். 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் பாரதீப்புத் துறைமுகத்தின் மருங்கே ஒரு பெரும்புயல் கரை கடந்தது. காற்று மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் விரைவில் வீசிற்று; கடல் பொங்கி ஊர்களுட் புகுந்தது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் கோபால்பூர் அருகே பைலின் என்னும் புயல் வந்தது. முன்னதினும் வன்மை சிறிது குறைந்ததாயினும் அதுவும் கடும்புயலே. ஆயினும் இறந்தோர் நூற்றுவரினுங் குறைந்தனர். என்னை? இடைப்பட்ட காலத்துத் தூண்கள்மேல் உயர்த்திய புயற்காப்பகங்கள் கரையோரத்தே எழுந்தன. ஊர்தோறும் தொண்டர் பயிற்சி பெற்றனர். புயல் வருமுன்னரே பத்து இலக்கம் மக்கள்வரை மேட்டிடங்கட்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வீடும் பயிரும் அழிந்தன, உயிர்கள் எஞ்சின.

பதினான்கு யாண்டில் அம்மக்களின் வினை மாறிற்றோ எனின், அற்றன்று. வினை சடம், அது தானே சென்று உயிரைப் பொருந்தாது. அதனை அறிந்து கூட்டுவான் முதல்வன். புயலைக் கருவியாகக் கொள்ளும் அவனே, முன்னுரைக்கும் அறிவையும் தாங்கும் கையையும் கருவியாகக் கொள்வான். நுகர்ந்தன்றி வினை கழியாதென்பது உண்மையே. ஆயின் இவன் வினை சாவளவிற்று, அவன் வினை வீடிழந்த அளவிற்று என அளந்தறிவார் யாவர்? முற்றறிவுடையான் ஒருவற்கே உரிய அவ்வறிவைச் சிற்றறிவினேம் நமக்கு ஏற்றிக்கொள்ளுதல் ஆணவத்தின் செயலாம்.

தம் மகவு நோயுற்றால் வினையென்று வாளாவிருப்பாரைக் காண்கிலேம். மருத்துவனை நாடி விரைகின்றனர். அயலார் துன்பத்தின்கண் மட்டும் வினைக்கொள்கை நினைவிற்கு வருதல் என்னை?

இன்னும் ஒன்று. காற்று அனைவர்க்கும் பொது. சாவோ மண்சுவரும் கூரையுமாகிய குடிசையிலிருந்தார்க்கே மிகுந்தது. தாழ்ந்த கரையில் காப்பின்றி அவரை வாழவிட்டது புயலன்று, மக்கட்சமுதாயமே. துன்புறுவான் நுகர்வது அவன் பிராரத்தமாகுக. காக்கவல்லனாகியும் காவாதிருந்தான் ஈட்டுவது ஆகாமியமாம். ஆகலின் வினைக்கொள்கை, துன்புற்றானைப் பழித்தற்கு அமைந்ததன்று; கண்டு நிற்பவன் தன் கடமையை உணர்தற்கு அமைந்ததே. தன் இரக்கமின்மையை இறைவன் ஆணையென மறைப்பவன் சிவநெறியின் நீங்கினவனாவான்.