குத்தகையும் அனுமதிப்பத்திரமும்

தீங்கானதெனத் தானே கருதும் ஒரு தொழிலுக்கு அரசு அனுமதி வழங்கி, அவ்வனுமதிக்கு விலையும் பெறுதல் அறமாகுமா? பொதுப்பணத்திற் சம்பளம் பெறும் ஆசிரியர்களாகிய நாம் இவ்வினாவைப் பிறர் விடயமெனத் தள்ளிவிட முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையிலே சாராயம் விற்கும் உரிமையை ஆங்கில ஆட்சி ஏலத்தில் விட்டது. கூடிய தொகை கேட்டவன் குத்தகைகாரனானான். அரசுக்குச் செலுத்தவேண்டிய தொகை முன்னரே நிச்சயிக்கப்பட்டமையால், செலவு போக அதற்குமேற் கிடைத்த ஒவ்வொரு சதமும் அவனுக்கு இலாபம். ஆகவே குடிப்போர் பெருகுவதே அவன் நலன். மொறட்டுவை, பாணந்துறைப் பகுதிகளில் எழுந்த செல்வக் குடும்பங்கள் பல இவ்வாறே முதல் திரட்டின என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். அம்முதல் பின்னர் தோட்டங்களாகவும் மாளிகைகளாகவும் பிள்ளைகளின் உயர்கல்வியாகவும் உருமாறிற்று. இதிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 1932ஆம் ஆண்டுவரை இந்நாட்டில் வருமான வரியே இருக்கவில்லை. குடித்தவன் வரி செலுத்தினான். குடிப்பித்துச் செல்வம் சேர்த்தவனின் வருமானத்தின்மீது வரி விழவில்லை.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய முறையை மாற்றியது. மேற்பார்வைக்குத் தனித் திணைக்களமும் உத்தியோகத்தரும் வந்தனர். ஆயினும் கள்ளுத் தவறணைகள் புதிதாகத் திறக்கப்படவே, மதுவொழிப்பு இயக்கம் தென்னிலங்கையெங்கும் கிளர்ந்தெழுந்தது. உத்தியோகத்தர் குத்தகைகாரனிலும் மேலானவர் என்பதை நான் மறுக்கவில்லை. அவரிடம் கணக்குக் கேட்கலாம், அவர்மீது முறையிடலாம். ஆனால் வசூலான தொகையைக் கொண்டே அவரது திறமை அளக்கப்படுமாயின், தவறணைகளைக் குறைக்கும் ஆர்வம் அவருக்கு எங்கிருந்து வரும்? அவர் கை முதலிற் சென்று பற்றுவது பனையுச்சியிலிருந்து முட்டியோடு இறங்குபவனையே. அவனும் பத்திரம் பெற்றே கள்ளிறக்க வேண்டும். (பத்திரம் பெற்றவனின் சமூகத்தையும் 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயில் தடுத்தே நின்றது, அந்த அனுமதியை வழங்க எந்தத் திணைக்களமும் இருக்கவில்லை.)

மதுவை நிறுத்திவிட்டாற் போதுமென்பார்க்குச் சென்னை மாகாணத்தின் அனுபவம் உண்டு. 1937 ஒக்டோபரில் இராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. குடிகாரனிடம் பெற்றதை இப்போது அவன் மனைவி கடையிற் பொருள் வாங்கும்போது பெற்றனர். 1971இல் மதுவிலக்குத் தளர்ந்தபோது மதுவருவாய் மீண்டது. விற்பனை வரியோ போய்விடவில்லை.

அனுமதிக் கட்டணம் மேற்பார்வைச் செலவை ஈடுசெய்யும் அளவில் நிற்கும்வரை அது கட்டுப்பாடு. அதற்கு மேற்பட்டு வரவுசெலவுத் திட்டத்தின் தூணாகும்போது அரசு அத்தொழிலின் பங்காளியாகிறது. பங்காளி தன் தொழில் நலியப் பார்த்திருக்கமாட்டான். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் மாகாணங்களுக்கு ஒதுக்கிய வருவாய்களின் பட்டியலைப் பாருங்கள்: அனுமதி வரிகளுக்கும் மதுபான அனுமதிக் கட்டணங்களுக்கும் அருகே சாராயக் குத்தகை, கள்ளுக் குத்தகை என்னும் பழஞ்சொற்கள் இன்றுமுள. அப்பட்டியலிலே வருமான வரிக்கு இடமில்லை. மத்தியிலும் வரி வருவாயின் பெரும்பகுதி மறைமுக வரிகளிலிருந்தே வருகின்றது.