உயர்பதவி வேண்டற்பாலதோ?

உத்தியோகத்தில் அமர்ந்தார் ஒருவர்க்கு மேற்பதவி வாய்க்குங்கால், அதனை ஏற்றல் முறையோ, மறுத்தல் முறையோ என்பது ஆராயத்தக்க தொன்றாம். பதவியாவும் வீணென ஒதுக்குதல் அறிவுடைமையன்று. குடும்பந் தாங்குவார்க்கு ஊதியம் இன்றியமையாதது. அதன்பொருட்டு உயர்வை நாடுதல் குற்றமாகாது. ஆயினும், அப்பதவி தமக்குரிய தொழிலை வளர்ப்பதோ, அன்றி அத்தொழிலினின்றுந் தம்மைப் பிரிப்பதோ என முதற்கண் தெளிதல் வேண்டும்.

மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானியின் வாழ்வு இதற்குச் சான்றாகும். கொல்லர் மகனாய்ப் பிறந்து, புத்தகங் கட்டுந் தொழில் பயின்ற அவர், 1813-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராய் அமர்ந்தார். 1825-ல் அதன் ஆய்வுக்கூடத் தலைமையும், 1833-ல் இரசாயனப் பேராசிரியர் பதவியும் அவரை யடைந்தன. இரண்டனையும் ஏற்றார், அவை அவரை ஆய்வினின்றும் அகற்றவில்லை. பின்னர் ராயல் சொசைட்டியின் தலைமைப்பதவி தாமே வலிய வந்து அளிக்கப்பட்டபோதோ, அதனை ஏலாது மறுத்தார். பேரவையை நடத்தும் பொறுப்பு வேறு. ஆய்வுக்கூடத்தில் இயற்கையின் உண்மையை நாடும் பணி வேறன்றோ? பதவியை அவர் வெறுத்தாரல்லர்; தமக்குரியது இஃது, அல்லாதது இஃது என வரையறுத்தார் என்க.

பிறர் மதிப்பொன்றே கருதி மேற்பதவியை விழைவார், தமக்கு இயல்பாய் அமைந்த பணியை இழந்து, இருக்கை உயர்ந்தும் உளந் தாழ்வர். அவ்வாறே, துறந்தோம் எனப் பிறர் புகழ்தற்பொருட்டு மறுப்பாரும் பயனெய்தார். ஏற்றேன் என்னுஞ் செருக்கும், மறுத்தேன் என்னுஞ் செருக்கும் ஒன்றே. அச்செருக்கு நீங்கிய உள்ளமே தனக்குரிய பணியை உள்ளவாறு காணும்.